மதுரையிலிருந்து சென்னைக்கு: விமானமா, வந்தே பாரத்தா, பாண்டியனா, பஸ்ஸா?

மேலூரில் இருக்கும் என் தங்கை மகளுக்குக் கிண்டியில் ஒரு நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. "ஃப்ளைட்ல போனா ஒரு மணி நேரம்தானே மாமா, அன்னைக்குக் காலைலயே கிளம்பிரலாம்ல?" என்று போனில் கேட்டாள். இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மாவை சென்னை டாக்டரிடம் கூட்டிப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பேரனுக்குக் காது குத்த ஆறு பையோடு கிளம்பிய அத்தை கேட்டார். ஒவ்வொருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு. ஏன் வேறு என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எதை அளப்பது?

எல்லாரும் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து அங்கே போய்ச் செருப்பைக் கழற்றுவது வரை ஆகிற நேரம். அதிலும், விழித்திருக்கிற நேரத்தில் எவ்வளவு போகிறது என்பது தனிக் கணக்கு. தூங்கிக்கொண்டே கடக்கிற எட்டு மணி நேரமும், வரிசையில் நின்று கடக்கிற நாலு மணி நேரமும் ஒன்றல்ல.

அப்புறம் பணம். டிக்கெட் விலை மட்டுமல்ல, இரண்டு முனையிலும் ஆகிற ஆட்டோ, டாக்ஸி, சாப்பாடு, தேதி மாற்றினால் கட்டுகிற அபராதம் எல்லாம் சேர்த்து. அடுத்தது, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருமா, தவறினால் வேறு வழி உண்டா என்பது. கடைசியாக, யார் போகிறார்கள், கையில் என்ன இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கும் இருபது வயசுப் பிள்ளைக்கும் ஒரே பதில் கிடையாது.

தூரமும் பறக்கும் நேரமும்

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 420 கி.மீ. சாலையில் திருச்சி, விழுப்புரம் வழியாக ஏறக்குறைய 460 கி.மீ. ரயில் பாதையில் மதுரை சந்திப்பிலிருந்து எழும்பூர் 495 கி.மீ. அளவில் வரும். வானத்தில் தூரம் குறைவு, வேகம் அதிகம். அப்படியானால் விமானம்தான் ஒரே பதில் என்று தோன்றும்.

ஆனால் பறக்கும் நேரம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். இந்தத் தடத்தில் அதிகம் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்கிற, இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. வெறும் கணக்குப்படி 420 கி.மீ.க்கு 50 நிமிடம்தான். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும். சென்னைப் பக்கம் நெரிசல் இருந்தால் வானத்தில் ஒரு வட்டம் அடிக்க வேண்டி வரும். டிக்கெட்டில் இருக்கிற நேரம், விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரையிலான நேரம். அதில் கொஞ்சம் உபரியையும் சேர்த்தே போடுவார்கள். அதனால்தான் 50 நிமிடப் பறப்பு டிக்கெட்டில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரமாகிறது.

மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகிற பெரிய ஜெட்டில் போனால் பாதி நேரமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. இவ்வளவு குட்டித் தூரத்தில் ஜெட் முழு வேகத்தைத் தொட்டுக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். மிச்சமாவது கால் மணி, இருபது நிமிடம். விமான வகையைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டாம். புறப்படும் வேளையைப் பார்த்து எடுங்கள்.

ஒரே பார்வையில்

மதுரை கே.கே. நகர் வீட்டிலிருந்து சென்னை தி.நகர் வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கட்டணங்கள் சாதாரண நாளுக்கானவை, ஒருவருக்கு, தோராயமாக.

| | விமானம் | வந்தே பாரத் | பாண்டியன் (இரவு ரயில்) | ஆம்னி பஸ் (இரவு) |
|---|---|---|---|---|
| வண்டியில் இருக்கும் நேரம் | 1¼ முதல் 1½ மணி | சுமார் 6 மணி | சுமார் 8 மணி | 8 முதல் 9 மணி |
| வாசல் முதல் வாசல் வரை | சுமார் 4¾ மணி | சுமார் 7¼ மணி | சுமார் 9¼ மணி | 10 மணிக்கு மேல் |
| விழித்திருக்கும் நேரத்தில் போவது | முழுவதும் | முழுவதும், ஆனால் உட்கார்ந்தபடி | 2 முதல் 3 மணி | 3 மணி, தூக்கம் வருவதைப் பொறுத்து |
| டிக்கெட் | 3,000 முதல் 4,500 ரூ. | 1,200 முதல் 1,400 ரூ. | ஸ்லீப்பர் 330 ரூ., 3ஏசி 900 ரூ. அளவில் | ஏசி ஸ்லீப்பர் 900 முதல் 1,500 ரூ. |
| பண்டிகையில் | இரண்டு மூன்று மடங்கு | மாறாது, இடம்தான் கிடைக்காது | மாறாது, இடம்தான் கிடைக்காது | இரண்டு மடங்கு வரை |

விமானத்துக்கும் வந்தே பாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்துக்காக ஒரு தலைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். அது உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

விமானம்

4¾ மணி நேரம் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கே.கே. நகரிலிருந்து ரிங் ரோடு வழியாக விரகனூர், மண்டேலா நகர் கடந்து விமான நிலையம் போக முக்கால் மணி நேரம். பையைப் போடுகிற கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். பறப்பு ஒன்றேகால் மணிக்கு மேல். இறங்கி, பேருந்தில் ஏறி, பை வருவதற்குக் காத்திருந்து வெளியே வர அரை மணி. தி.நகர் போக முக்கால் மணி. கூட்டிப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது டாக்ஸி. மதுரையில் விமான நிலையம் ஊருக்குத் தெற்கே 12 கி.மீ. பஸ்ஸில் போவதானால் பெருங்குடியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். பையோடு போகிற யாரும் கடைசியில் டாக்ஸிதான் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 1,000 ரூபாயை நெருங்கும். சென்னைப் பக்கம் மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது. விமான நிலையத்திலேயே மெட்ரோ, எதிரே திரிசூலம் மின்சார ரயில் நிலையம். கையில் ஒரே பை என்றால் இரண்டில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள்.

இன்னொரு செலவு திசை. மதுரையிலேயே இருப்பவர்களுக்கு இது தெரியாது. மேலூர், நத்தம், திண்டுக்கல் ஊர்க்காரர்கள் சென்னைக்குப் பறக்க முதலில் தெற்கே வர வேண்டும். திண்டுக்கல்லில் இருப்பவர் 70 கி.மீ.க்கு மேல் எதிர்த் திசையில் வந்து விமானம் ஏறுவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வந்தே பாரத்தில் ஏறுவது எவ்வளவோ மேல். அவருக்கு மிச்சமாகிற நேரம் ஒரு மணிகூட வராது. திருமங்கலம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு விமான நிலையம் ஊருக்குள் போகாமலே கிடைக்கிறது.

சாமான் விஷயம். பொதுவாகக் கையில் 7 கிலோ, உள்ளே போட 15 கிலோ. அம்மாக்கள் கட்டிக் கொடுக்கிற அரிசி, பொடி, வத்தலுக்கு அது போதாது. கொப்பரைத் தேங்காய்க்கு விமானத்தில் அனுமதி இல்லை, எண்ணெய்ச் சத்து தீப்பிடிக்கும் என்பது காரணம். விசேஷத்துக்குச் சாமான் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பவர் பேங்க் உள்ளே போடும் பையில் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, நேரத்துக்குப் போகுமா என்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவை சென்னையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தோம். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் அம்மா சாப்பிடவில்லை. காலை விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. முகம் வெளுத்துப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. எட்டரை மணிக்குப் பரிசோதனையை விட்டுவிட்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். டாக்டரைப் பார்க்க முடியாமல் ஒரு நாள் ஓட்டலில் தங்கி மறுநாள் பார்த்தோம். நேரத்தைச் சேமிக்கத்தான் விமானத்தில் போனேன். போனது ஒன்றரை நாள். குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டிய வேலைக்கு, அன்றைக்குக் காலை விமானத்தை நம்பாதீர்கள். விமானத்தில்தான் போக வேண்டும் என்றால் முந்தின நாள் சாயங்காலம் போய்விடுங்கள்.

போகியன்று காலை சென்னையில் இறங்குகிற விமானமும் வேண்டாம். 2018ஆம் ஆண்டு போகியன்று பனியும் பழைய பொருள் எரித்த புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போய், விமானங்கள் தாமதமாகி வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. அந்த மாதிரி நாட்களில் ரயிலும் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ரயிலில் விழுப்புரம் வரையாவது போய்ச் சேருகிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விமானத்துக்கு நான் கடன்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா குரோம்பேட்டையில் இறந்துபோன செய்தி காலை பதினோரு மணிக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். காலையில் கிளம்புகிற வைகை ரயில் போய்விட்டது, வந்தே பாரத் போய்விட்டது. மூன்று மணிக்குக் கிளம்புகிற தேஜஸ் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் எழும்பூர் போகும். காரில் போனாலும் முடியாது. ஒரு மதிய விமானத்தில் இடம் கிடைத்தது, 9,000 ரூபாய்க்கு மேல். நாலு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். முகம் பார்த்தேன். என்னை வளர்த்தவர் அவர். அந்தப் பணத்தைப் பற்றி ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

கேத வீடு, திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி, காலையில் போய் ராத்திரி வீட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டிய வேலை, சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பது. இவற்றுக்கு விமானம்தான். வெளிநாட்டு விமானம் பிடிக்கிறவர்கள் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நாலைந்து மணி நேரமாவது விடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானக்காரர் பொறுப்பாக மாட்டார்.

வந்தே பாரத்தும் மற்ற பகல் ரயில்களும்

திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் போகும் வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. காலை எட்டு மணி வாக்கில் மதுரையில் ஏறினால் இரண்டு மணிக்குள் எழும்பூர். சாய்ந்து உட்கார இருக்கை, கால் நீட்ட இடம், சுத்தமான கழிவறை. ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம், லேப்டாப்பில் வேலை பார்க்கலாம். விமானத்தின் 4¾ மணி நேரத்தில் அப்படி ஒரே துண்டாக நேரம் கிடைக்காது. எழுந்திரு, நில், பையைத் தூக்கு, பெல்ட்டைக் கழற்று என்று அது துண்டு துண்டாகப் போகும்.

இதன் குறை, பாதி நாள் போய்விடும் என்பது. காலை வேலைக்கு உதவாது. மதியம் போய் அன்றைக்கே திரும்பவும் முடியாது, ஏனென்றால் திரும்பும் வண்டியும் மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் ஓடாது, எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்பதையும் எந்த ரயிலானாலும் டிக்கெட்டில் பாருங்கள். வேளச்சேரி, மேடவாக்கம், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போகிறவர்கள் எப்படியும் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம், ஒரு மணி நேரம் மிச்சம்.

செலவு குறைவாக வேண்டும், பகலில்தான் போக வேண்டும் என்றால் வைகை இருக்கிறது. 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கிய வண்டி. காலையில் கிளம்பி மதியம் இரண்டு மணிக்கு மேல் சேரும். வந்தே பாரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம், கட்டணமோ உட்கார்ந்து போகும் வகுப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பகல் ரயில் யாருக்கு? அவசரமில்லாமல் போகிற வயசானவர்களுக்கு. படியேறி இறங்கி, வரிசையில் நின்று அலையாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்து போகலாம். நினைத்தபோது எழுந்து கழிவறைக்குப் போகலாம், வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடலாம். மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திரும்பவில்லை. அது மட்டும்தான் மனக்குறை.

பாண்டியன்

ராத்திரி ஒன்பதரை வாக்கில் மதுரையில் கிளம்பி, காலை ஐந்தேகால் வாக்கில் எழும்பூர். மணிக்கணக்கில் பார்த்தால் விமானத்தைப்போல இரண்டு மடங்கு. ஆனால் எழுந்திருக்கும்போது சென்னை வந்துவிட்டது. போகிற நாள் கெடவில்லை, அங்கே ஒரு முழு நாள் கையில். வேலையை முடித்து அன்று ராத்திரியே மறு பாண்டியனில் ஏறினால் மறுநாள் காலை மதுரையில் காபி. ஓட்டல் அறை வாடகை கிடையாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து மதுரைக்காரர்கள் சென்னை போய்வருவது இப்படித்தான். இத்தனை வசதி வந்த பிறகும் அந்தக் கணக்கை எதுவும் தோற்கடிக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

நாலு பேர் குடும்பமானால் இன்னும் தெளிவு. விமானத்தில் டிக்கெட் மட்டும் 14,000 ரூபாய் என்றால், 3ஏசியில் 3,600 ரூபாயில் முடிந்துவிடும்.

இதில் கஷ்டம் ஒன்றே ஒன்று, இடம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு 120 நாள். வெள்ளி ராத்திரி, ஞாயிறு ராத்திரி வண்டிகள் திறந்த அன்றைக்கே நிரம்பிவிடும். தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினோரு மணி. இப்போது ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். அவசரம் வருவதற்கு முன்பே அதை முடித்து வையுங்கள். பாண்டியன் இல்லையென்றால் தெற்கிலிருந்து வருகிற நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி வண்டிகளும் மதுரை வழியாகத்தான் போகின்றன. இடம் தேடுகிறவர்கள் மதுரை, பாண்டியன் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எல்லா வண்டியையும் பாருங்கள்.

ரயிலில் தூக்கமே வராதவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. காலையில் கண் எரிச்சலோடு நேர்முகத் தேர்வுக்குப் போவதைவிட ஒரு நாள் முன்னதாகப் பகல் ரயிலில் போவது நல்லது.

பஸ்ஸும் காரும்

பஸ்ஸின் பலம், கடைசி நிமிஷத்திலும் இடம் கிடைக்கும் என்பது. இன்னொன்று, ரயில் நிற்காத ஊர்களுக்கு அது வாசலுக்கு வரும். மேலூர், கொட்டாம்பட்டிக்காரர்கள் மதுரைக்கு வராமலே திருச்சி ரோட்டில் ஏறிக்கொள்ளலாம். அரசு விரைவுப் பேருந்தில் ஏசி இல்லாத இருக்கைக்கு 500 ரூபாய்க்குள் முடியும், பண்டிகைக்கும் அதே கட்டணம்.

மறைந்திருக்கும் செலவு கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பேருந்து முனையம் வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. முன்பு கோயம்பேட்டில் இறங்கியவர்கள் இப்போது அங்கிருந்து ஊருக்குள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாம்பரம், ஊரப்பாக்கம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு அதுவே லாபம்.

கார், நாலு பேரும் நிறையச் சாமானும் இருந்தால் மட்டும். எட்டரை முதல் ஒன்பது மணி நேரம், வழியெல்லாம் சுங்கச்சாவடி. ஞாயிறு சாயங்காலமும் பண்டிகை முடிந்த நாளும் செங்கல்பட்டுக்கு அப்புறம் பரனூரிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். ராத்திரி முழுவதும் ஓட்டாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரம் பக்கம் கண் அசந்துபோன ஒருவரை எங்கள் தெருவில் இழந்திருக்கிறோம்.

தங்கை மகளுக்குச் சொன்னது

மேலூரிலிருந்து விமான நிலையம் 40 கி.மீ. விடியற்காலை நாலு மணிக்கு அவளுடைய அப்பா கார் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் பத்து மணி என்பது கைவிட்டுப் போய்விடும். ஞாயிறு ராத்திரி பாண்டியன் என்றால் தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டைப் பெரியம்மா வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, மின்சார ரயிலில் கிண்டிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பத்து மணிக்குள் போய்விடலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்கலில் 3ஏசியில் ஒரு மேல் படுக்கை கிடைத்தது. திரும்பி வர வந்தே பாரத் வேண்டும், அதில் இதுவரை போனதே இல்லை என்றாள். செவ்வாய் மதியத்துக்கு அதையும் எடுத்தோம். எடுப்பதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை அந்த வண்டி ஓடுகிறதா என்று அவளையே பார்க்கச் சொன்னேன்.